மஞ்சள் பகுதியில் ஒரு கால் பட்டறை

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் கால்காரம்மா. வம்புக்குக் காலை நீட்டுகிறவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் கால் செய்கிறவள். விபத்தில் போன கால், சர்க்கரை வியாதிக்குக் கொடுத்த கால், பிறக்கும்போதே கூட வராமல் நின்றுவிட்ட கால் என்று எதுவானாலும் அளவெடுப்பாள். பிளாஸ்டர் மாவைக் குழைத்து அச்சு வார்ப்பாள். பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் இளக்கி அச்சின் மேல் போர்த்துவாள். தேய்த்து வழவழப்பாக்கி மாட்டிவிட்டு, ஆளை எழுப்பி நிற்க வைத்துவிடுவாள். நின்றவர் முதலில் அழுவார், பிறகு சிரிப்பார், அதற்குப் பிறகு “இடது பக்கம் லேசா கடிக்குதும்மா” என்பார். கடிக்குது என்று சொன்னால்தான் அவளுக்கு நிம்மதி. காலைத் தன் கால் என்று நினைக்கத் தொடங்கியவர்தான் அதைப் பற்றிக் குறை சொல்வார் என்பது அவள் கணக்கு.

இந்த வேலையைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருஷம் பார்த்தாள். ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடி, மெஷின்களை ஏலத்தில் விட்டு, ஆட்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். அவளால் முடியவில்லை. கணவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், மகள் பாதிப் படிப்பில் இருந்தாள். சரி, வேறு ஏதாவது பார்க்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் வாரம், கக்கத்தில் கட்டையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, என் அளவு உங்ககிட்டதானே இருக்கு?”

ஆமாம், அவளிடம்தான் இருந்தது. பழைய நோட்டில், பென்சிலில். அந்த ஒரு காலுக்காக ஏலத்தில் போன மெஷின்களில் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து கீழ்த்தளத்து முன்னறையில் வைத்தாள். ஒரு கால் நான்கானது. முன்னறை கூடத்தை விழுங்கியது, கூடம் சாப்பாட்டு அறையை விழுங்கியது. ஆறு வருஷத்தில் குடும்பம் மொத்தமும் மாடிக்கு ஏறிவிட்டது. கீழே ஆள் பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, அலமாரி நிறைய வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர் அச்சுகள். “உலகத்துலயே ஆளை விடக் கால் ரெண்டு மடங்குக்கு மேல இருக்கிற வீடு நம்ம வீடு மட்டும்தான்” என்று மகள் பள்ளியில் சொல்லிவிட்டு வந்தாள்.

நோட்டீஸ் வந்த காலையில் கம்பிகளுக்கு நடுவே ஒரு கொத்தனார் நின்றுகொண்டிருந்தார். சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே இழந்தவர். புதுக் காலில் நான்காவது அடி வைக்கப்போகும் நேரத்தில் வெளியே வாளியும் பிரஷும் சத்தம் போட்டன. கணவன் போய்ப் பார்த்துவிட்டு முகம் சிவக்கத் திரும்பி வந்தான். கேட்டில் பசை ஈரம் காயாமல் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

“மேற்படி மனை முதன்மைக் குடியிருப்புப் பகுதியில் அமைந்துள்ளதாலும், அதில் அனுமதியின்றித் தொழிற்கூடம் இயங்குவதாகப் புகார் வரப்பெற்றுள்ளதாலும், முப்பது நாட்களுக்குள் உரிய விளக்கம் அளிக்கத் தவறினால் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும்.”

“யாரு வீட்டுக்கு யாரு முத்திரை வைக்கிறது?” என்று கத்தினான் கணவன். “பத்திரம் உன் பேருல இருக்கு. ஒரு வருஷம் விடாம வரி கட்டியிருக்கோம். நம்ம வீட்டுக்குள்ள நாம என்ன செஞ்சா இவனுங்களுக்கு என்ன?”

கொத்தனார் கம்பியை இறுகப் பிடித்தபடி மெல்லக் கேட்டார். “அம்மா, நான் கழட்டிடவா?”

“நீங்க எதுக்குக் கழட்டணும்? நோட்டீஸ் எனக்கு வந்தது. நீங்க நடங்க.”

அவர் நடந்தார். அவள் கூடவே நடந்தாள். ஆனால் கண் கொத்தனாரின் காலில் இருந்ததே தவிர, புத்தி கேட்டில் இருந்தது. இந்த வீட்டை வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பத்திரத்தைக் கையில் வாங்கிய அன்று, இனிமேல் இந்த நாலு சுவருக்குள் என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு நகரத் திட்டமிடல் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் நின்ற தரகர் ஒருவர், நடையைப் பார்த்தே விஷயம் தெரிந்தவர் போலக் கூடவே வந்தார். “நில வகைமாற்றமா மேடம்? கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்.” எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். என்ன சிக்கல் என்றே தெரியாமல் எதை முடித்துக் கொடுக்கச் சொல்வது? ஆஸ்பத்திரியில் கூட எந்தக் கால் என்று பார்க்காமல் அறுக்கமாட்டார்களே என்று நினைத்துக்கொண்டு படியேறினாள்.

மூன்றாம் மாடியில் வரைபடப் பிரிவு. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்த வரைவாளர் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். கால்காரம்மாவை விடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள்.

“தலையில இருக்கு” என்றாள் கால்காரம்மா.

“அய்யோ, தேங்க்ஸ்க்கா. சொல்லுங்க, என்ன வேணும்?”

“வீட்டுப் பத்திரம் கொண்டாந்திருக்கேன். நோட்டீஸ் வந்திருக்கு.”

வரைவாளர் நோட்டீஸை வாங்கிப் படித்தாள். பத்திரத்தை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. “வீடு உங்களுது இல்லைன்னு யாரும் சொல்லலைக்கா. இடம் யாருதுன்னு பத்திரம் சொல்லும். அது எதுக்கான இடம்னு சொல்றது வேற. வாங்க, காட்டுறேன்.”

சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுவதும் அதில் திட்டுத் திட்டாக வண்ணம் பூசியிருந்தது. மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் வியாபாரம், ஊதா என்றால் தொழில், பச்சை என்றால் வயலும் பூங்காவும் நீர்நிலை ஓரங்களும் என்று வரைவாளர் சொல்லிக்கொண்டே போனாள். வீட்டின் மனை எண்ணைக் கேட்டு விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள். கால்காரம்மா குனிந்து பார்த்தாள். அவள் வாழ்நாள் சம்பாத்தியம் மொத்தமும் பட்டாணி அளவில் மஞ்சளாக இருந்தது.

“இப்படி மஞ்சள் அடிச்சது யாரு?”

“பதினாலு வருஷத்துக்கு முன்னால ஊருக்கே முழுமைத் திட்டம் போட்டப்போ அடிச்சது. அப்ப வரைவை எல்லாரும் பாக்குற மாதிரி வெச்சு, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு அறுபது நாள் அவகாசம் குடுத்தாங்க. உங்க பக்கத்துலேருந்து ஒருத்தரும் வரலை.”

“எங்களுக்குத் தெரியவே தெரியாதேம்மா.”

“அறிவிப்புப் பலகையில ஒட்டியிருந்தோம்” என்றவள், கொஞ்சம் சங்கடத்தோடு அறையின் மூலையைப் பார்த்தாள். பலகை இருந்தது. அதற்கு முன்னால் ஒரு இரும்பு அலமாரியும் இருந்தது.

கால்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரைவாளருக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் வரைவாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பயப்படாதீங்கக்கா. மஞ்சள்னா வீடு மட்டும்தான்னு அர்த்தம் இல்லை. மஞ்சளுக்குள்ள என்னென்ன செய்யலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. விதிப் புத்தகம் கீழே விக்கிறாங்க. யாரும் வாங்கமாட்டாங்க, நீங்க வாங்கிப் படிங்க.”

புத்தகம் இருநூறு பக்கத்துக்கு மேல். அதன் தமிழ் வாய்க்குள் நுழையாத தமிழ். ஒவ்வொரு வாக்கியமும் பக்கத்தின் மேலே கிளம்பிக் கீழே வந்துதான் மூச்சு விட்டது. ஆனால் கால்காரம்மா டாக்டர்களின் கையெழுத்தையே பதினோரு வருஷம் படித்தவள். பென்சிலை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். மூன்று சாயங்காலம் ஆனது. நாற்பத்தோராம் பக்கத்தில் அது இருந்தது: வீட்டுத் தொழில். குடியிருப்பவரே நடத்த வேண்டும். கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. வெளியாட்கள் இரண்டு பேருக்கு மேல் வேலைக்கு இருக்கக் கூடாது. மோட்டார்கள் எல்லாம் சேர்த்து இரண்டு குதிரைத்திறன். சத்தம், புகை, தூசி என்று பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு எதுவும் கூடாது.

“பாத்தியா, செய்யலாம்னு போட்டிருக்கான்!” என்று துள்ளினான் கணவன்.

“இருங்க, அளந்து பாப்போம்.”

மிச்சக் காலைச் சுற்றி அளக்கிற அதே டேப்பால் வீட்டை அளந்தாள். ஒரு முனையை மகள் பிடித்தாள். பட்டறை பிடித்திருந்தது கால் பங்கு இல்லை, சரிபாதி. மெஷின்களின் பின்னால் தகட்டில் பொறித்திருந்த எண்களைக் கூட்டினாள். தேய்க்கிற மெஷின், காற்றை உறிஞ்சுகிற பம்பு, வெட்டுகிற மெஷின் எல்லாம் சேர்த்து நாலரை. வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்தையும் அளந்தாள். அது அவளுடைய எல்லையைத் தாண்டி மூன்றடி தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது.

டேப்பைச் சுருட்டினாள். தன்மேல் தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அளக்கத் தொடங்கியிருந்தாள்.

“இதெல்லாம் எவனும் அளக்கமாட்டான்” என்றான் கணவன்.

“நான் அளந்துட்டேனே.”

புகார் கொடுத்தது யார் என்ற கேள்வி அவள் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நோட்டீஸ் வாங்கியவருக்குப் புகாரின் நகலைக் கேட்க உரிமை உண்டு என்று அதே புத்தகத்தின் நூற்றுப் பத்தாம் பக்கம் சொன்னது. எழுதிக் கொடுத்தாள். நான்கு நாளில் நகல் வந்தது. அடியில் இருந்த கையெழுத்தைப் படித்தாள். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற ரொட்டிக்கார அண்ணன்.

அவர் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் அடுப்புப் பார்க்கிறவர். காலையில் வரும்போது மிஞ்சிய பன்களைக் கொண்டுவந்து மகளிடம் கொடுப்பார். வழியில் பார்த்தால் தலையாட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் முதுகுக்குப் பின்னால் இப்படிச் செய்துவிட்டாரே! புகாரில் ஒரு வரி வந்தபோது அவள் நின்றாள். “இது தொடர்பாக வீட்டு உரிமையாளரின் கணவரிடம் இரண்டு முறை நேரில் முறையிட்டும் பயனில்லை.”

கணவன் சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தான். அவள் நகலை மேசையில் வைத்தாள்.

“ரெண்டு தடவை வந்தாராமே?”

அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்தான், வைத்தான். “சொன்னாரு. சத்தம் தாங்கலைன்னாரு. பாத்துக்கலாம்ணேன்னு சொல்லி அனுப்பினேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“உனக்கு இருக்கிற வேலையில இது வேறயான்னுதான்…”

“நீங்க எங்கிட்ட சொல்லியிருந்தா அவர் ஆபீஸ்ல போய்ச் சொல்லியிருக்கவே மாட்டாரு. கேட்டுல பசை தடவினது அவங்க இல்லீங்க, நீங்க.”

பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவன், அன்று ராத்திரி எல்லார் தட்டையும் தானே கழுவினான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ரொட்டிக்கார அண்ணன் கண் சிவக்க வந்து திறந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனார்.

“அண்ணே, ஒரு உதவி. உங்க படுக்கை ரூம்ல பத்து நிமிஷம் உக்காரணும்.”

“எதுக்கும்மா?”

“எங்க மெஷின் எப்படிக் கேக்குதுன்னு எனக்குத் தெரியணும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒரு நாளும் வந்ததில்லை.”

அவர் வழிவிட்டார். சின்ன அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. கட்டில், ஒட்டுச்சுவரை ஒட்டி. தலையணைக்குப் பக்கத்தில் காதில் அடைக்கிற பஞ்சு. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கணவனுக்குப் போன் போட்டு மெஷினை ஓட்டச் சொன்னாள்.

சுவர் முனகியது. முனகல் கீச்சலானது. அது காது வழியாக வரவில்லை, கட்டில் கால் வழியாக முதுகுத்தண்டில் ஏறியது. பல் டாக்டர் தலைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. இரண்டு நிமிஷம்தான் அவளால் தாங்க முடிந்தது. போனை எடுத்து “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்றாள்.

அவள் ஒட்டுச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“ஆறு வருஷமாவாண்ணே?”

“முதல்ல சின்ன மெஷின் இருந்துச்சு, சமாளிச்சேன். பெரிசு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அடுப்புக்கிட்ட நின்னுட்டே தூங்கிட்டேன் ஒரு நாள். கை சுட்டுக்கிச்சு.” முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார். “உன் வேலையை நிறுத்தணும்னு நான் நினைக்கலைம்மா. சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் எழுதினேன். அவங்க இப்படிக் கொண்டுபோய் விடுவாங்கன்னு தெரியாது.”

“நீங்க எழுதினது சரிதாண்ணே” என்றாள் கால்காரம்மா. ஒருவரை நடக்க வைக்கிற சந்தோஷத்தில், இன்னொருவரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரியாமலே போயிருக்கிறது.

அன்றே பெரிய மெஷினை நிறுத்திவிட்டாள். ஆனால் நிறுத்தினால் மட்டும் போதுமா? அந்த மாதம் மட்டும் பதினேழு பேர் காத்திருந்தார்கள். மறுபடி வரைபடப் பிரிவுக்குப் போனாள். இந்தத் தடவை பத்திரத்தைக் கொண்டுபோகவில்லை, தன் அளவுகளை எழுதிய தாளைக் கொண்டுபோனாள். இரண்டு பெண்களும் வரைபடத்தின் முன்னால் நின்று, அவள் வீட்டைச் சுற்றி ஊதா நிறம் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினதில், நான்கு தெரு தள்ளி, மரக்கடைக்குப் பின்னால் நகம் அளவுக்கு ஒரு ஊதாத் துணுக்கு அகப்பட்டது.

அங்கே பூட்டிக் கிடந்த பழைய கிடங்கு ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் ஒரு கண்ணாடிக்கடைக்காரர். “அங்க தொழில் பண்ண விடமாட்டாங்கம்மா, சுத்தியும் வீடு” என்று அடித்துச் சொன்னார். அவள் வரைபடத்தின் நகலை விரித்துக் காட்டியதும் அவர் அதை நேராகவும் திருப்பியும் பார்த்தார். ஏழு வருஷமாகத் தன் இடத்தின் வண்ணம் தெரியாமல் பூட்டு போட்டு வைத்திருந்தவர் அவர். வாடகைக்குக் கொடுக்க ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

மீதி இருந்தது ஒரே சிக்கல். புதுக் காலை மாட்டிப் பார்க்கும்போது ஒரு நூல் அளவு இங்கே, அரை நூல் அங்கே என்று தேய்க்க வேண்டியிருக்கும். அதற்கு ஒவ்வொரு தடவையும் ஆளை நான்கு தெரு நடக்கச் சொல்ல முடியாது. நடக்கப் பழகத்தானே வந்திருக்கிறார்! ஆகவே கையில் பிடிக்கிற சின்னத் தேய்ப்பு மெஷின் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். ரொட்டிக்கார அண்ணனிடம் போய்க் கேட்டாள். அவர் விரல் விட்டு எண்ணி, “நாலு மணிக்கு எழுந்துடுவேன். நாலுலேருந்து ஆறு வரைக்கும் நீ என்ன வேணா தேய்ச்சுக்கோ” என்றார்.

விசாரணைக்கு நாள் குறித்து வந்தது. கணவன் பரிகாரம் தேடுகிறவன் போல ஒரு யோசனை சொன்னான். “நம்ம ஆளுங்க இருபது பேரைக் கட்டையோட, சக்கர நாற்காலியோட கூட்டிட்டுப் போயிடலாம். எந்த அதிகாரிக்கும் மனசு இளகிடும்.”

“வேண்டாம்ங்க. அவங்க கால் கேட்டு வந்தவங்க. எனக்குக் கூட்டம் சேர்க்க வந்தவங்க இல்லை.”

அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் போனார்கள். நீள மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைமை அதிகாரி கோப்பைப் புரட்டியபடி வழக்கமான தொனியில் தொடங்கினார். “அனுமதி இல்லாம பட்டறை நடத்தினதா புகார். என்ன சொல்றீங்க?”

“உண்மைதான் சார்.”

அவர் நிமிர்ந்தார். “விதியை மீறினதை ஒத்துக்கிறீங்களா?”

“மூணு இடத்துல மீறியிருக்கேன் சார். பரப்பு, குதிரைத்திறன், சாய்தளம். எவ்வளவுன்னு அளந்து எழுதியிருக்கேன். எப்படிச் சரி பண்ணப்போறேன்னும் எழுதியிருக்கேன்.” இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்த நாளிலிருந்து பொறாமைக்காரப் பக்கத்து வீடு, பொய்ப் புகார், மெஷினே இல்லை என்ற கதைகளைத்தான் கேட்டிருந்தார் போலும். தாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். பெரிய மெஷின்கள் ஊதாப் பகுதிக்குப் போகும். வீட்டில் அளவெடுப்பதும் நடைப்பயிற்சியும் மட்டும், கால் பங்குப் பரப்புக்குள். சின்ன மெஷின் நாலு முதல் ஆறு வரை. சாய்தளத்தைத் தெருவிலிருந்து எடுத்து, முன்பக்கக் காலியிடத்துக்குள் வளைத்துப் போடுவது. காலியிடத்தில் கட்டடம் கூடாது என்றாலும் சாய்தளம் போடலாம் என்று ஐம்பத்தாறாம் பக்கம் அனுமதிக்கிறது.

“தினம் எத்தனை பேர் வருவாங்க? தெருவுல வண்டி நெரிசல் வராதா?” என்று கேட்டார் இன்னொரு உறுப்பினர்.

அவள் நேரம் குறித்துக் கொடுக்கிற நோட்டை நீட்டினாள். காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சார், நான் பேசலாமா?”

ரொட்டிக்கார அண்ணன். தூக்கத்தை விட்டுவிட்டு, வேலைச் சட்டையில் மாவுத் தூசியோடு அப்படியே வந்திருந்தார். “புகார் குடுத்தது நான்தான். சத்தத்தோடதான் எனக்குச் சண்டை, அந்தம்மாவோட இல்லை. பத்தொன்பது நாளா நல்லாத் தூங்குறேன். அவங்க கேட்டதைக் குடுங்க. மறுபடி சத்தம் வந்தா நானே வந்து எழுதிக் குடுக்கிறேன், விடமாட்டேன்.”

மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உத்தரவு உடனே வந்துவிடவில்லை. பதினாறு நாள் ஆனது. அந்தப் பதினாறு நாளும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவள் வாசலுக்கு ஓடினாள். கடைசியில் வந்த உறையை மகள்தான் பிரித்தாள். ஏழு நிபந்தனைகள், தொண்ணூறு நாள் அவகாசம், அதற்கு மேலே ஒரு வரி: “வீட்டுத் தொழிலாக அனுமதிக்கப்படுகிறது.” அந்த வரியை மகளை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

சாய்தளத்தை இடித்து உள்பக்கமாக வளைத்துக் கட்டியவர் அந்தக் கொத்தனார்தான். புதுக் காலோடு மணலில் நின்று, மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு, சித்தாளாக வந்து மாட்டிய கணவனை விரட்டி விரட்டி வேலை வாங்கினார். “பஸ் ஓட்டுறவருக்கு வளைவு எப்படி இருக்கணும்னு நான் சொல்லணுமா?” என்று கேட்டார். கட்டி முடித்ததும் தானே முதலில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு” என்றார்.

கிடங்கு அவள் நினைத்ததைவிட நல்லதாகப் போயிற்று. அங்கே மெஷின் எவ்வளவு கத்தினாலும் மரக்கடை ரம்பத்தின் சத்தத்தில் கரைந்துவிட்டது. இடம் தாராளமாக இருந்ததால், வேறு ஊருக்கு மாற்றலாகிப்போன பழைய ஆஸ்பத்திரித் தோழி ஒருத்தி வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொண்டாள். மாதத்துக்குப் பத்துக் கால் செய்தது இருபத்திரண்டானது. மாடியிலிருந்து சாப்பாட்டு மேசை கீழே இறங்கியது. கம்பியைப் பிடித்து நடக்கிறவர்களுக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு சுவர் வந்தது. அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டபோதுதான், எவ்வளவு காலமாக நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

இரண்டு வருஷம் கழித்துப் புது முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானது. வரைவாளர் போன் செய்தாள். “அக்கா, இந்தத் தடவை பலகைக்கு முன்னால அலமாரி இல்லை. நகர்த்த வெச்சுட்டேன்.” கால்காரம்மா தெருவையே திரட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தார்கள். தெருக்கோடிக் காலிமனைக்கு வாகன நிறுத்தம் என்று வண்ணம் அடித்திருந்ததை மாற்றிப் பிள்ளைகள் விளையாட விட வேண்டும். ஊனமுற்றவர்களுக்கான சிறு பட்டறைகளைக் குடியிருப்புப் பகுதியில் கொஞ்சம் கூடுதல் பரப்புக்கு அனுமதிக்க வேண்டும். முதலாவது கிடைத்தது. இரண்டாவதை மறுத்துவிட்டார்கள். மறுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ரொட்டிக்கார அண்ணனிடம் காட்டினாள். “அடுத்த வரைவு எப்போ?” என்று கேட்டார் அவர். “பத்து வருஷம் ஆகும்ணே.” “ஆகட்டும், நாம எங்க போகப்போறோம்?”

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு காலும் நன்றாகவே இருக்கின்றன. கையில் காகிதக் கட்டோடு வருகிறார்கள். அவள் எல்லாரிடமும் முதலில் மனை எண்ணைக் கேட்பாள். பிறகு வண்ணத்தைப் பார்ப்பாள். பிறகு அந்த வண்ணத்துக்கான பட்டியலைப் படிக்கச் சொல்வாள். “நான் வக்கீல் இல்லை. படிக்கிறதுக்குக் கூட இருப்பேன், அவ்வளவுதான்” என்பாள்.

போன மாதம் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. ஊருக்கு வெளியே சல்லிசாக ஒரு மனை, நாளைக்கே முன்பணம் கொடுக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்றார்கள். அவள் எண்ணை வாங்கி, சுவரில் மாட்டியிருந்த தன் வரைபட நகலில் விரலை ஓட்டினாள். விரல் பச்சையில் போய் நின்றது. ஏரிக்கரை. வீடு கட்டவே முடியாத இடம். அந்தப் பெண் பொலபொலவென்று அழுதுவிட்டாள். “அங்க நாங்க ஜன்னலுக்கு என்ன நிறம்னு கூட முடிவு பண்ணிட்டோம்க்கா.”

“அழாதம்மா. இன்னைக்கு அழுதா ஒரு மணி நேரம். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அழுதா ஆயுசுக்கும்” என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மறுபடி வந்தார்கள், வேறொரு எண்ணோடு. மூன்று பேரும் வரைபடத்தின் முன்னால் நின்றார்கள். இந்தத் தடவை அவள் விரலை ஓட்டவில்லை. “நீங்களே தேடுங்க” என்று பென்சிலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போனாள். புது மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“மஞ்சள்!” என்று கத்தினாள் அந்தப் பெண். “அக்கா, மஞ்சள்!”

“பட்டியலைப் படிச்சியா?”

“இல்லை.”

“உக்காரு, படி” என்று புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள் கால்காரம்மா.